வெள்ளைச் சுவரும் சிவப்பு உடையும்: சால்ஸ்பர்க் 'லா ட்ராவியாட்டா' டிவிடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசை விழாவில் 2005 ஆகஸ்டில் அரங்கேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா ட்ராவியாட்டா' என்ற ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்), மறு ஆண்டே டிவிடியாக வெளிவந்தது. பழைய காதல் ஓபரா ஒன்றை இன்றைய உடையில் காட்டும் பதிவுகளில் இந்த அளவுக்குப் புகழப்பட்டதும் இந்த அளவுக்குச் சண்டையை மூட்டியதும் சிலவே. அதைப் பார்க்க நினைப்பவர்களும் பார்த்துவிட்டுக் குழம்பியவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பதிவில் யார் யார் இருக்கிறார்கள்?

வியோலெட்டாவாக ரஷ்யப் பாடகி அன்னா நெட்ரெப்கோ. அல்ஃபிரெடோவாக மெக்சிகோவின் ரோலாண்டோ வில்லாசோன். அல்ஃபிரெடோவின் தந்தை ஜெர்மோனாக அமெரிக்கர் தாமஸ் ஹாம்ப்சன். மருத்துவர் கிரென்வில் வேடத்தில் லூயிஜி ரோனி. அந்த மருத்துவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அவரைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசிக்க, கார்லோ ரிட்சி இசையை நடத்துகிறார். மேடை இயக்கம் ஜெர்மானியரான வில்லி டெக்கர், மேடை வடிவமைப்பு வொல்ஃப்காங் குஸ்மான். மேடையில் நடந்ததைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் லார்ஜ். டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் வெளியிட்டது. ஓடும் நேரம் சுமார் இரண்டேகால் மணி.

கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பாரிஸ் நகரத்துச் செல்வர்களின் பணத்தில் வாழும் அழகி வியோலெட்டா. காசநோய் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. விருந்து ஒன்றில் அல்ஃபிரெடோ என்ற இளைஞன் ஓராண்டாகத் தொலைவிலிருந்தே தன்னைக் காதலித்ததாகச் சொல்கிறான். அவள் நம்ப மறுக்கிறாள், பிறகு நம்புகிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருவரும் ஊர்ப்புறத்து வீடொன்றில் குடியேறுகிறார்கள். அவன் இல்லாத நேரத்தில் அவன் தந்தை வந்து, "உன்னால் என் மகளின் திருமணம் நின்றுவிடும், என் மகனை விட்டுவிடு" என்று கேட்கிறார். அவள் விட்டுவிடுகிறாள், காரணத்தைச் சொல்லாமல். தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று எண்ணி அல்ஃபிரெடோ ஊரறிய அவமானப்படுத்துகிறான். உண்மை தெரிந்து அவன் திரும்பி வரும்போது அவளுக்குச் சில மணி நேரமே மிச்சம்.

அலெக்சாண்டர் டூமா (மகன்) 1848இல் எழுதிய 'கமேலியா மலர்ப் பெண்' என்ற நாவலும் அதிலிருந்து 1852இல் மேடையேறிய நாடகமும்தான் மூலம். அவற்றுக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருந்தாள். பெயர் மரி டுப்ளெசி. 1847இல் 23 வயதில் காசநோயில் இறந்தாள். டூமா சிறிது காலம் அவளுடைய காதலராக இருந்தவர்.

நூற்றைம்பது ஆண்டுப் பழைய கதைக்குக் கோட்டும் சூட்டும் எதற்கு? வெர்டி எழுதியதை மாற்ற இவர்கள் யார்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: பழைய படைப்பை எடுத்துத் தன் விருப்பத்துக்கு வளைக்கும் இயக்குநர்களால் ஐரோப்பிய மேடைகளில் கெட்டுப்போன ஓபராக்கள் உண்டு. ஆனால் 'லா ட்ராவியாட்டா' விஷயத்தில் வரலாறு நேர் எதிராக இருக்கிறது.

வெர்டி இதைத் தன் காலத்துக் கதையாகத்தான் எழுதினார். 1853 ஜனவரி முதல் தேதி நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இது இந்தக் காலத்துப் பொருள், உடைக்கும் காலத்துக்கும் பயந்து வேறு யாரும் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள், நான் பெருமகிழ்ச்சியோடு செய்கிறேன் என்ற கருத்தில் எழுதினார். மேடையில் இருப்பவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலவே உடுத்தியிருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே அரங்கத்தார் ஒப்பவில்லை. கதையைப் பின்னால் தள்ளி, சுமார் 1700ஆம் ஆண்டில் நடப்பதாக மாற்றினார்கள். 1853 மார்ச் 6 அன்று அரங்கேற்றம் தோற்றது. மறு ஆண்டு மே மாதம் அதே வெனிஸில் வேறோர் அரங்கில் மீண்டும் போட்டபோது கொண்டாடினார்கள், ஆனால் அப்போதும் பழங்கால உடைதான். 1880கள் வரை அதுவே வழக்கமாக இருந்தது.

ஆக, இன்று நாம் 'மரபு' என்று நினைக்கும் பாவாடை வளையமும் மெழுகுவர்த்தி விளக்கும் வெர்டியின் காலத்து நவீனம். அன்றைய பார்வையாளர் மேடையில் தன்னைப் பார்த்துவிடுவாரோ என்ற அச்சத்தில்தான் வெர்டிக்கு அதுகூட மறுக்கப்பட்டது. வெர்டியே அப்போது திருமணம் செய்துகொள்ளாமல் பாடகி ஜுசெப்பீனா ஸ்ட்ரெப்போனியோடு வாழ்ந்துவந்தார், ஊர் வாயை நன்றாக அறிந்திருந்தார். டெக்கர் தன் பாத்திரங்களுக்கு சால்ஸ்பர்க் அரங்கில் உட்கார்ந்திருந்த கனவான்களின் உடையையே போட்டபோது, வெர்டி கேட்டுக் கிடைக்காததைத்தான் கொடுத்தார் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மேடையில் என்னதான் இருக்கிறது?

ஏறத்தாழ ஒன்றுமில்லை. அரை வட்டமாக வளைந்த பெரிய வெள்ளைச் சுவர், அதன் அடியில் நீளத் திண்ணை போல ஓர் இருக்கை. ஒரு சிவப்பு சோபா, ஊர்ப்புறத்து வீட்டுக் காட்சியில் மட்டும் இன்னும் சில. ஒரு ராட்சதக் கடிகாரம். அவ்வளவுதான். சரவிளக்கு இல்லை, மாளிகை இல்லை, கடைசி அங்கத்தில் கட்டில்கூட இல்லை. சால்ஸ்பர்க் பெரிய விழா அரங்கின் மேடை உலகிலேயே மிக அகலமான மேடைகளில் ஒன்று. அதை அலங்காரத்தால் நிரப்புவதுதான் பலருக்குப் பழக்கம். இங்கே அதைக் காலியாக விட்டு, நடுவில் ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது.

அந்தக் கடிகாரமும், பேசாமல் உட்கார்ந்திருக்கும் முதியவரும் எதற்கு? கதையில் அப்படி யாரும் இல்லையே?

இருக்கிறார். அவர்தான் மருத்துவர் கிரென்வில். மூலப் பிரதியில் சில வரிகளே பாடும் சிறு பாத்திரம். முதல் அங்கத்து விருந்துக்கு விருந்தாளியாக வருகிறார், வியோலெட்டாவின் தோழி ஃப்ளோரா வீட்டு விருந்திலும் நிற்கிறார், கடைசியில் நோயாளியைப் பார்க்க வருகிறார். "இன்னும் சில மணி நேரம்தான்" என்று பணிப்பெண் அன்னீனாவின் காதில் சொல்லிவிட்டுப் போகிறவர் அவர். வழக்கமான மேடையாக்கங்களில் இவர் கூட்டத்தில் ஒருவர், முகம் மனதில் நிற்காது. டெக்கர் செய்தது ஒன்றே ஒன்று: அவரை மேடையை விட்டுப் போகவிடாமல் வைத்துக்கொண்டார்.

திரை விலகும்போதே நரைத்த தலையோடு அவர் அங்கே, கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கிறார். முன்னிசை தொடங்குகிறது. வயலின்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து, உச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும் அந்த இசை கடைசி அங்கத்தின் மரணப் படுக்கைக்கு உரியது. வெர்டி கதையை முடிவிலிருந்துதான் தொடங்குகிறார். பல அரங்குகளில் இந்த இசை மூடிய திரைக்கு முன்னால் வீணாகக் கழியும். இங்கே சிவப்பு உடையில் வியோலெட்டா தள்ளாடியபடி உள்ளே வருகிறாள், முதியவரைக் காண்கிறாள். பிறகு அந்த இசை மாறி, இரண்டாம் அங்கத்தில் அவள் பாடப்போகும் "என்னை நேசி, அல்ஃபிரெடோ" என்ற மெட்டு ஒலிக்கிறது. ஒரு வார்த்தை பாடப்படுவதற்கு முன்பே மரணமும் காதலும் ஒரே சுவருக்குள் வந்துவிடுகின்றன. இந்த ஓபராவுக்கு வெர்டி முதலில் எண்ணியிருந்த பெயர் 'காதலும் மரணமும்'.

கடிகாரமும் வானத்திலிருந்து குதித்ததல்ல. மூன்றாம் அங்கத்தில், ஜெர்மோன் அனுப்பிய கடிதத்தை வியோலெட்டா பாடாமல், பேசும் குரலில் படிக்கிறாள். அல்ஃபிரெடோ உண்மையை அறிந்துவிட்டான், மன்னிப்புக் கேட்க வருகிறான் என்கிறது கடிதம். பின்னணியில் முதல் சந்திப்பில் அவன் பாடிய காதல் மெட்டை வயலின்கள் மெல்ல வாசிக்கின்றன. படித்து முடித்ததும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல், "நேரம் கடந்துவிட்டது!" பிறகு காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள், யாரும் வரவில்லை. ஓபரா முழுவதும் நேரத்தைப் பற்றியது என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? டெக்கர் அந்த ஒரு சொல்லை எடுத்து ஆளுயரத்துக்கும் மேலாக மேடையில் நிறுத்திவிட்டார்.

சேர்ந்திசைக் குழுவில் பெண்களும் ஏன் ஆண்களின் கறுப்பு சூட்டில் வருகிறார்கள்?

வியோலெட்டாவைச் சுற்றியிருக்கும் உலகம் ஒரே முகமாக, ஒரே பார்வையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. முதல் அங்கத்தில் அவளைச் சோபாவோடு தலைக்கு மேல் தூக்கிக் கொண்டாடும் அதே கூட்டம்தான் பிறகு சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கிறது. முதல் அங்கத்து விருந்தில் வரும், எல்லோருக்கும் தெரிந்த அந்த மதுப் பாடலை இந்தப் பதிவில் பாருங்கள். பாட்டு அதே துள்ளலோடுதான் ஓடுகிறது, கைகள் அவளை நோக்கி நீளும் விதம்தான் வயிற்றைப் பிசைகிறது. அவள் விருந்தளிப்பவளா, விருந்தா என்ற சந்தேகம் வந்துவிடும்.

பணத்தை வீசும் காட்சி மிகவும் கொடுமையாக இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம், இருக்கிறது. இருக்க வேண்டும்.

ஃப்ளோரா வீட்டு விருந்தில் நாடோடிப் பெண்களும் காளைச் சண்டை வீரர்களும் ஆடிப்பாடும் பகுதி ஒன்று உண்டு. பொதுவாக அங்கே ஸ்பானிய உடையில் ஒரு நடனத்தை நுழைத்துவிடுவார்கள், கதை பத்து நிமிடம் விடுமுறையில் போகும். டெக்கர் நடனத்தை எடுத்துவிட்டு அந்த இசையை வியோலெட்டாவைக் கேலி செய்யும் விளையாட்டாக மாற்றுகிறார். ஓர் ஆண் அவளுடைய அதே சிவப்பு உடையை அணிந்து அவளைப் போல நடிக்க, கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. கடிகாரத்தைப் படுக்க வைத்து அதன் மேல் சூதாடுகிறார்கள். அவளுடைய நேரமே பந்தயப் பொருளாகிவிட்ட பிறகு, அல்ஃபிரெடோ வென்ற பணத்தை அவள் காலடியில் எறிவதோடு நிற்காமல் அவள் உடலிலேயே திணிக்கிறான்.

1853இன் பார்வையாளருக்குப் பணப்பையைக் காலடியில் எறிவதே மூச்சு நிற்கும் அதிர்ச்சி. நமக்கு அது பழகிப்போன மேடை வழக்கம். அந்த அதிர்ச்சியை மீட்டெடுக்க இயக்குநர் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டியிருக்கிறது. இந்தக் காட்சியில் வில்லாசோனின் முகம் வெறுப்பாலும் அழுகையாலும் ஒருசேரக் கோணிப்போவதைப் பார்த்தால், தான் செய்வது என்ன என்று அவனுக்கே தெரியும் என்பது புரியும். அடுத்து அவன் குற்ற உணர்வோடு பாடுவதற்கு அதுவே காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஊர்ப்புறத்து வீட்டுக் காட்சியில் எல்லாம் பூப்போட்ட துணியாக இருக்கிறதே?

சோபாக்களின் மேல் பூத்துணி, இருவரும் அணிந்திருக்கும் அங்கிகளிலும் அதே பூ, கடிகாரத்தின் மேலும் அதே துணி. நேரத்தை மூடிவைத்தால் நின்றுவிடும் என்று நம்பும் காதலர்களின் மூன்று மாத வாழ்க்கை. அல்ஃபிரெடோ தனியாக நின்று பாடும் பாட்டை இங்கே வியோலெட்டாவையும் உடன் வைத்து, சோபாக்களுக்கு இடையில் ஒளிந்து பிடிக்கும் விளையாட்டாக ஆக்கியிருக்கிறார்கள். இவர்களுடைய மகிழ்ச்சியைக் கண்ணால் பார்க்கும் ஒரே இடம் இதுதான். வெர்டியின் பிரதியில் இருவரும் சேர்ந்து மகிழ்ந்திருக்கும் காட்சி கிடையாது, அவன் வாயால் கேள்விப்படுகிறோம், அவ்வளவே. இந்தச் சேர்க்கைக்கு நன்றி சொல்ல வேண்டும். பார்த்த மகிழ்ச்சியை இழப்பதுதான் வலிக்கும்.

பிறகு ஜெர்மோன் வருகிறார். ஓபராவின் இதயம் இந்த இருவர் பாட்டு. ஏறத்தாழ இருபது நிமிடம், மேடையில் இரண்டே பேர். ஒரு தந்தை தன் குடும்ப மானத்தை முன்வைத்து ஒரு பெண்ணின் உயிரைக் கேட்கிறார், அதை அவர் நயமாகவும் கேட்கிறார். "தேவதை போல் தூய்மையான ஒரு மகளைக் கடவுள் எனக்குக் கொடுத்தார்" என்று தொடங்கும் அவர் மெட்டு அழகானது, ஒழுங்கானது, ஒரு அசைவுமில்லாதது. அவள் பதில்களோ திக்கித் திணறி, உடைந்து உடைந்து வருகின்றன. அவர் சொல்லச் சொல்ல அவள் இசை மெல்லமெல்ல அவருடைய ஒழுங்குக்குள் அடங்குகிறது. "அந்த இளம் பெண்ணிடம் சொல்லுங்கள்" என்று அவள் தொடங்கும் இடத்தில் நெட்ரெப்கோ குரலை ஏறத்தாழ ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துவிடுகிறார். இத்தனை பெரிய அரங்கில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன், அப்படிப் பாடத் துணிச்சல் வேண்டும். டிவிடி வாங்கியதன் பலன் இந்த ஒரு நிமிடத்திலேயே கிடைத்துவிடும் என்பேன்.

ஹாம்ப்சனின் குரல் இத்தாலியப் பாரிட்டோன்களின் (நடுத்தர ஆண்குரல் பாடகர்களின்) கனத்த கருங்குரல் அல்ல. பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மெருகேறிய, சற்றே குளிர்ந்த குரல் இந்த ஜெர்மோனுக்குப் பொருத்தமாகவே படுகிறது. நல்ல மனிதர் என்று தன்னை நம்பிக்கொண்டே கொடுமை செய்பவர் இப்படித்தான் பேசுவார்.

நெட்ரெப்கோவும் வில்லாசோனும் அப்படி என்ன சிறப்பு?

2005இல் இருவருக்கும் 33 வயது. இருவருமே குரலின் முழுப் பொலிவில் இருந்தார்கள், மேடையில் ஓடவும் விழவும் உருளவும் தயங்காதவர்கள். அந்தக் கோடையில் சால்ஸ்பர்க்கில் இந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது, கறுப்புச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. விளம்பரத்தின் பங்கு அதில் பெரிது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரம் அடங்கிய பிறகும் பதிவு நிற்கிறது.

நெட்ரெப்கோவின் குரல் செழுமையானது, நடுப்பகுதியில் இருண்டது. முதல் அங்கத்தின் முடிவில் வரும் வேகமான அலங்காரச் சங்கதிகளை அவரைவிடத் துல்லியமாகப் பாடியவர்கள் உண்டு. ஆனால் அவர் அந்தப் பாட்டைச் சாகசமாகப் பாடாமல், தப்பியோட முயலும் பெண்ணின் படபடப்பாகப் பாடுகிறார். வில்லாசோன் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே கொடுப்பவர்: கண், கை, மூச்சு எல்லாம். அல்ஃபிரெடோ அப்படிப்பட்ட இளைஞன்தான் என்பதால் உறுத்துவதில்லை. சில ஆண்டுகளிலேயே அவருக்குக் குரலில் சிக்கல் வந்து, 2009இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இந்தப் பதிவில் கேட்கும் அந்தத் தாராளமான குரல் பிறகு அதே வடிவில் திரும்பவில்லை. இந்த டிவிடியைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

அரங்கில் பார்ப்பதற்கும் திரையில் பார்ப்பதற்கும் என்ன வேறுபாடு? எதையாவது இழக்கிறோமா?

இழக்கிறோம், பெறுகிறோம். இரண்டையும் சொல்ல வேண்டும்.

பெறுவது முகங்கள். அரங்கின் பின்வரிசையில் இருந்தவருக்கு நெட்ரெப்கோ ஒரு சிவப்புப் புள்ளி. நமக்கோ, மதுக் கோப்பையோடு சிரித்துக்கொண்டே கண்ணால் வாசலைத் தேடும் ஒரு பெண். பிரையன் லார்ஜ் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஜெர்மனியின் பேய்ரூத் விழாவில் பிரெஞ்சு இயக்குநர் பாத்ரீஸ் ஷெரோ இயக்கிய, வாக்னரின் 'ரிங்' ஓபரா வரிசையைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1976இல் கூச்சலும் சண்டையுமாகத் தொடங்கி, பதிவான பிறகு உலகெங்கும் பேசப்பட்ட நவீன மேடையாக்கம் அது. இசையின் மூச்சு எங்கே மாறுகிறதோ அங்கே காட்சியை வெட்ட அவருக்குத் தெரியும்.

இழப்பது அந்த வெறுமை. மேடை முழுவதும் காலியாக இருக்க, ஒரு மூலையில் அவள், இன்னொரு மூலையில் அந்த முதியவர். இந்தத் தூரம்தான் மேடையாக்கத்தின் பொருளே. நெருக்கக் காட்சி வந்தவுடன் முதியவர் திரைக்கு வெளியே போய்விடுகிறார், கடிகாரமும் போய்விடுகிறது. காதலர்கள் இருவர் மட்டும் மிஞ்சுகிறார்கள், சாதாரணக் காதல் கதை போலத் தோன்றுகிறது. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த மறதி வாய்த்திருக்காது. ஆகவே, பார்க்கும்போது ஒவ்வொரு முறை கேமரா பின்வாங்கும்போதும் "கிரென்வில் எங்கே?" என்று கண்ணால் தேடுங்கள். அவர் நகர்ந்திருப்பார். அவர் எங்கே நகர்ந்தார், எப்போது என்பதைக் கவனித்தாலே பாதி மேடையாக்கம் விளங்கிவிடும்.

கூடுமானவரை பெரிய திரையில் பாருங்கள். கைபேசியில் இந்த வெள்ளைச் சுவர் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

கடைசி அங்கத்தில் இன்னொரு சிவப்பு உடைப் பெண் வருகிறாளே, யார் அவள்?

பிரதியில் அந்த இடத்தில் தெருவில் போகும் திருவிழாக் கூட்டத்தின் பாட்டு சன்னலுக்கு வெளியே கேட்கும், அவ்வளவுதான். இங்கே கூட்டம் உள்ளேயே நுழைந்துவிடுகிறது. அவர்கள் நடுவே சிவப்பு உடையில் புதிதாக ஓர் இளம்பெண். வெள்ளை உள்ளாடையில், நிற்க வலுவில்லாமல் வியோலெட்டா பார்த்துக்கொண்டிருக்க, கூட்டம் தன் அடுத்த ஆளைக் கொண்டாடிக்கொண்டு போகிறது. இதற்கு மேல் விளக்கினால் காட்சியின் கூர்மை போய்விடும்.

குறைகளே இல்லையா?

உண்டு. சில குறியீடுகள் ஒரு முறை சொன்னதையே மறுமுறையும் சொல்கின்றன. கடிகாரத்தின் பொருள் முதல் அங்கத்திலேயே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது, பிறகும் அது ஓயாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் அங்கத்தில் வியோலெட்டாவுக்கு உடலசைவு மிக அதிகம், பாட்டை நின்று கேட்க விரும்புபவர்களுக்கு அது தொந்தரவு. பாரிஸ் என்ற ஊரே காணாமல் போய்விட்டது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அந்த நகரத்தின் பணமும் பகட்டும் இந்தக் கதையின் ஒரு பகுதி, அதை வெள்ளைச் சுவர் ஈடுசெய்யாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பகட்டைக் கண்ணால் பார்த்தால்தான் அவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்பது புரியும் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பதிவு முழு நிறைவைத் தராது.

இதே மேடையாக்கம் வேறு இடங்களிலும் நடந்ததா?

நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் போட்டார்கள். 2010 டிசம்பர் 31 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு வந்தது, மரீனா போப்லாவ்ஸ்கயா வியோலெட்டாவாகப் பாடினார். அங்கே அதற்கு முன் ஆண்டுக்கணக்காக இருந்தது ஃப்ராங்கோ ஜெஃபிரெல்லியின் ஆடம்பரமான மாளிகை மேடை. அதைப் பழகிய ரசிகர்களுக்கு வெள்ளைச் சுவர் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. 2018 டிசம்பரில் மைக்கேல் மேயரின் புதிய மேடையாக்கம் வந்தபோது மெட் அரங்கில் பழங்கால உடைகள் திரும்பிவிட்டன. நதாலி டெசே 2012இல் டெக்கரின் வியோலெட்டாவைப் பாடியது திரையரங்குகளுக்கு நேரலையாகப் போனது. குரல் தளர்ந்திருந்தாலும் நடிப்பில் அவர் வேறோர் உயரத்தைத் தொட்டார் என்பது என் எண்ணம்.

தமிழில் சப்டைட்டில் உண்டா? இங்குள்ள கருவியில் ஓடுமா?

தமிழ் இல்லை. ஆங்கிலம் உண்டு. இத்தாலியன் தெரியாதவர்கள் முதல் முறை சப்டைட்டிலோடும், பிடித்த பகுதிகளை மறுமுறை அது இல்லாமலும் பார்ப்பது நல்லது. கண் கீழே போகும் ஒவ்வொரு முறையும் மேடையில் ஏதோ ஒன்றைத் தவறவிடுகிறோம். வாங்குமுன் உறையின் பின்புறம் மண்டலக் குறியை (டிவிடி எந்தெந்த நாட்டுக் கருவிகளில் ஓடும் என்று காட்டும் எண்ணை) பாருங்கள். எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் என்று இருந்தால் கவலையில்லை. ஸ்டீரியோ, சரவுண்ட் இரண்டு ஒலி வழிகளும் இருக்கின்றன. தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் முன்னிசையின் வயலின்கள் சன்னமான சீழ்க்கையாகத்தான் கேட்கும், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும்.

ஓபராவே பார்த்ததில்லை. இதில் தொடங்கலாமா?

தாராளமாக. மேடையில் கவனத்தைச் சிதறடிக்க எதுவுமில்லை, கதை நேர்கோட்டில் போகிறது, மெட்டுகள் முதல் கேட்பிலேயே மனதில் ஒட்டும். ஒரே மூச்சில் பார்க்க முடியாவிட்டால் முதல் அங்கத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். முதல் அங்கம் அரை மணி நேரம்தான்.

சிறு பிள்ளைகளோடு பார்க்கலாமா?

நிர்வாணமோ இரத்தமோ இல்லை. ஆனால் பணத்தைத் திணிக்கும் காட்சியும் கேலிக் காட்சியும் சிறுவர்களுக்கு உகந்தவை அல்ல. பதின்ம வயதினரோடு பார்த்துவிட்டுப் பேசலாம், பேச நிறைய இருக்கிறது.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்ப்பது?

இரண்டு திசைகள் இருக்கின்றன. பழைய உடையில் பார்க்க வேண்டுமென்றால் 1994இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ரிச்சர்ட் அயர் இயக்கி, ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்தியது. ஆஞ்சலா கியோர்கியுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பதிவு அது. பாரிஸின் பகட்டு வேண்டுமானால் தெரேசா ஸ்ட்ராட்டாசும் பிளாசிடோ டொமிங்கோவும் நடித்த ஜெஃபிரெல்லியின் திரைப்படம்.

நவீனப் பாதையிலேயே போக விரும்பினால், வெனிஸ் லா ஃபெனிச்சேயின் 2004 பதிவைத் தேடுங்கள். 1996இல் தீக்கிரையான அந்த அரங்கு மீண்டும் எழுந்தபோது, தன் பழைய தோல்வியையே எடுத்துப் போட்டது. லொரின் மாசெல் நடத்த, பத்ரீசியா சோஃபி பாடினார். 1853 அரங்கேற்றத்தில் ஒலித்த முதல் வடிவத்து இசையையே எடுத்துக்கொண்டார்கள், வெர்டி பிறகு திருத்திய வடிவத்தை அல்ல. ஜெர்மோனின் இருவர் பாட்டில் வேறுபாடுகள் காதில் விழும், சால்ஸ்பர்க் பதிவை நன்றாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தனி விருந்து. இயக்குநர் ராபர்ட் கார்சன் கடிகாரத்தின் இடத்தில் பணத்தை வைக்கிறார்: ஊர்ப்புறத்துத் தோட்டத்தில் மரத்திலிருந்து உதிரும் இலைகள் எல்லாம் பணத்தாள்கள்.